அறுவடைக்குப் பின் கிளந்தானில்



உங்கள் மடியிலோ சட்டைப் பையிலோ கொஞ்சம் சில்லறை இருக்கும். 1989ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் வெளிவந்த நாணய வரிசையில் சில காசுகள் அதில் அகப்பட்டால் எடுத்துப் புரட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் செம்பருத்திப் பூ. மறுபக்கம்? ஐம்பது காசில் ஒரு பெரிய பட்டம். பத்துக் காசில் குழிகள் வெட்டிய பலகை. ஐந்து காசில் பம்பரம். ஒரு காசில் முரசு. 2012இல் புது வரிசை வந்தபின் இவற்றைக் காண்பது குறைந்துவிட்டாலும், பழைய உண்டியலைக் கவிழ்த்தால் நாலும் கிடைக்கும். விளையாட்டுச் சாமான்களைப் பணத்தில் பொறித்து வைத்த நாடு நம்முடையது.

பத்துக் காசிலுள்ள பலகைக்குச் சொங்காக் என்று பெயர். நம் பாட்டிமார் புளியங்கொட்டையும் சோழியும் போட்டு ஆடிய பல்லாங்குழிக்கு அது நெருங்கிய சொந்தம். அதைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம். பட்டமும் பம்பரமும் முரசும் நாட்டின் பல மாநிலங்களில் உண்டென்றாலும், இம்மூன்றையும் ஊருக்கு ஊர் போட்டியாக வளர்த்துப் பேர் வாங்கிய மாநிலம் கிளந்தான். அங்கே விருந்தாளியாகப் போகிறவர் இந்தப் போட்டிகளில் எதைப் பார்க்க வேண்டும், அவை எப்படித் தோன்றின, இன்று எந்த நிலையில் இருக்கின்றன என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் காலத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். கிளந்தான் ஆற்றின் இரு கரையிலும் கடல் வரை விரிந்து கிடப்பது நெல் வயல். பழைய காலத்தில் வானம் பார்த்த பூமி. ஆண்டுக்கு ஒரே போகம். நவம்பர் மாதம் தொடங்கி வடகிழக்குப் பருவமழை கொட்டும். ஆறு பெருகும், கடல் கொந்தளிக்கும், மீன் பிடிக்கிறவனும் படகைக் கரையேற்றி விடுவான். மழை ஓய்ந்து, கதிர் முற்றி, அறுத்துக் களஞ்சியத்தில் சேர்த்தபின், அடுத்த உழவு வரையில் பல மாதம் நிலம் சும்மா கிடக்கும். காய்ந்த வயல், கையில் ஓய்வு, கடலிலிருந்து சீரான காற்று. கிளந்தானின் விளையாட்டுகள் எல்லாம் இந்த இடைவெளியில் முளைத்தவை. பட்டம் விட வெட்டவெளி வேண்டும். வயல் அதைத் தந்தது. பம்பரம் கடைய நாள்கணக்கில் பொறுமை வேண்டும். ஓய்வு அதைத் தந்தது. முரசடிக்க ஊரே கூட வேண்டும். அறுவடையின் மகிழ்ச்சி அதைத் தந்தது.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது கொஞ்சம் புதிதாக இருக்கலாம். ரப்பர் மரத்துக்கு அறுவடை மாதம் என்று ஒன்று கிடையாது. இலை உதிரும் காலத்தில் பால் குறையும், மழை பெய்தால் வெட்டு நிற்கும். மற்ற நாளெல்லாம் இருட்டோடு பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டியதுதான். நம் முன்னோர்கள் தமிழ்நாட்டில் விட்டுவந்த கிராமங்களிலும் தை பிறந்து நெல் வீட்டுக்கு வந்த பிறகுதான் ஆட்டமும் பாட்டமும். கப்பலேறி வந்த பின் பொங்கல் இருந்தது, வயல் இல்லை. ஆகவே தோட்டத்தில் விளையாட்டு என்பது தீபாவளிக்கும் கோயில் திருவிழாவுக்குமாக ஒதுங்கிக்கொண்டது. கிளந்தானுக்குப் போகும்போது இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், வெறும் வேடிக்கையாகத் தெரிவது வேறு மாதிரித் தெரியும்.

நம்மவர்க்கும் அந்த மாநிலத்துக்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1909ஆம் ஆண்டு வரை கிளந்தான் சயாமின் மேலாண்மையில் இருந்தது. அதன் பிறகுதான் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. கெமாஸிலிருந்து பகாங் காடுகளைக் குடைந்துகொண்டு தும்பாட் வரை போகும் இரயில் பாதை 1931இல் முடிவடைந்தது. மலாயாவின் மற்ற இரயில் பாதைகளைப் போலவே இதிலும் தமிழர் உழைப்பு உண்டு. ஜப்பானியர் காலத்தில் இந்தத் தண்டவாளத்தின் பெரும் பகுதியைப் பெயர்த்துக்கொண்டு போய்ச் சயாம்–பர்மா பாதையில் போட்டார்கள். அந்தச் சயாம் பாதைக்கு நம் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட ஆயிரக்கணக்கானவர்கள் திரும்பி வரவில்லை என்பதை எந்த லயத்து வீட்டிலும் சொல்லத் தேவையில்லை. போருக்குப் பின் பாதையைச் செப்பனிட்டு முடிக்க 1953 வரை ஆயிற்று. இன்று கிளந்தானுக்கு இரயிலில் போகிறவர் அந்தப் பாதையில்தான் போகிறார்.

சரி, பட்டத்துக்கு வருவோம். கிளந்தான்காரர் பெரிய பட்டத்தை வாவ் என்பர். அரபு எழுத்தாகிய ‘வாவ்’ போல அதன் இறக்கை வளைந்திருப்பதால் அந்தப் பெயர் என்று சிலர் சொல்லுவார்கள். தாய்லாந்து மொழியிலும் பட்டத்துக்கு ஏறக்குறைய இதே பெயர்தான். இத்தனை காலம் சயாமோடு ஒட்டி வாழ்ந்த மாநிலத்தில் இரண்டாவது விளக்கமே பொருந்துவதாக எனக்குப் படுகிறது. பெயர் எப்படி வந்தால் என்ன, மலாய்க்காரர் பட்டம் விடுவது பழைய பழக்கம். மலாக்கா அரசின் வரலாறு சொல்லும் ‘செஜாரா மெலாயு’விலேயே பட்டம் விடுவது பற்றிய பேச்சு வருகிறது.

வாவில் பல வகை உண்டு. பூனையின் பெயரால் வாவ் கூச்சிங், மயிலின் பெயரால் வாவ் மேராக், இன்னும் சில. எல்லாவற்றிலும் பேர் பெற்றது வாவ் பூலான், அதாவது நிலாப் பட்டம். கீழ்ப்பகுதி பிறை நிலாப்போல வளைந்து நிற்கும். ஐம்பது காசில் இருப்பது இதுதான். அகலம் சுமார் எட்டடி, உயரம் பதினோரு அடிக்கு மேல். ஒரு ஆள் கையைத் தூக்கி நின்றாலும் அதன் உச்சியைத் தொட முடியாது. 1972இல் மலேசிய விமான நிறுவனம் தனியாகப் பறக்கத் தொடங்கியபோது கிளந்தான் வாவின் உருவத்தைத்தான் தன் விமானங்களின் வாலில் தீட்டிக்கொண்டது.

இதைச் செய்கிற விதத்தைக் கேளுங்கள். முற்றிய மூங்கிலை வெட்டி, பிளந்து, ஊறவைத்தும் உலர்த்தியும் பக்குவம் செய்வார்கள். பிறகு இறக்கைக்கான சிம்பைக் கத்தியால் சீவிச் சீவி மெலிதாக்க வேண்டும். நடுவில் தடிப்பாக இருக்கும். நுனி போகப் போக மெலியும். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே எடையாக, ஒரே மாதிரி வளைய வேண்டும். நடுவிலே நூல் கட்டித் தூக்கிப் பார்ப்பார்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபடியும் சீவல். சட்டம் சரியான பிறகுதான் காகிதம். வண்ணக் காகிதத்தை மடித்து, கூரான கத்தியால் பூவும் கொடியுமாக வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டுவார்கள். கொடி நடுவில் ஒரு புள்ளியிலிருந்து கிளம்பி இரண்டு இறக்கையிலும் ஒன்றுபோலப் படர்ந்து போகும். ஒரு நல்ல வாவ் முடிய வாரக்கணக்கில் ஆகும்.

ஆனால் அதன் உயிர் காகிதப் பூவில் இல்லை, தலையில் இருக்கிறது. வாவின் தலைப்பக்கத்தில் ஒரு மூங்கில் வில்லைக் கட்டியிருப்பார்கள். வில்லின் நாண், மெலிதாகச் சீவிய ஓலை நாடா. மேலே போனதும் காற்று அந்த நாடாவை உராய, ‘ங்ங்’ என்று ஓர் ஓசை எழும். சிறு பூச்சியின் ரீங்காரமாக இராது; அடிவயிற்றிலிருந்து வருவது போன்ற கனத்த ஓசை. முன்னாளில் மாலையில் ஏற்றிய வாவை இரவு முழுதும் இறக்காமல் மரத்தில் கட்டிவிட்டுப் படுப்பார்கள். ஊர் அந்த ஓசையில் தூங்கும். ஓசை தேய்ந்தால் காற்று தளர்கிறதென்று அர்த்தம். உடையவன் எழுந்து போய்ப் பார்க்க வேண்டும்.

நம் பிள்ளைகள் பட்டம் விட்டால், நூலில் கண்ணாடித் தூள் பூசி ஒருவன் பட்டத்தை மற்றவன் அறுப்பதுதான் சுவாரசியம். வாவ் போட்டி அப்படிப்பட்டதல்ல. ஒருவர் வாவை ஏந்தித் தூரத்தில் நிற்பார், மற்றவர் கயிற்றைப் பிடிப்பார். காற்று வரும் சமயம் பார்த்து ஏந்தியவர் விட, இவர் இழுப்பார். நடுவர்கள் மூன்றைக் கவனிப்பார்கள்: வேலைப்பாடு எப்படி, ஓசை எப்படி, எவ்வளவு செங்குத்தாக ஏறி நிற்கிறது. கயிறு சாய்ந்து தூரத்தில் பறக்கும் பட்டம் நம் கண்ணுக்கு உயரமாகத் தெரியும். அவர்களுக்கு அது மட்டம். தலைக்கு நேர் மேலே வந்து அசையாமல் நிற்பதுதான் உயர்த்தி. முதன்முறை பார்க்கிறவர்கள் வண்ணத்தைப் பார்த்துக் கைதட்டுவார்கள். பக்கத்தில் நிற்கும் கிளந்தான் கிழவர் கண்ணை மூடிக்கொண்டு காதால் கேட்டுக்கொண்டிருப்பார்.

அடுத்தது பம்பரம். அதைக் காசிங் என்பர். நம் பம்பரம் உள்ளங்கையில் அடங்கும். கிளந்தானின் காசிங் உரி சாப்பாட்டுத் தட்டளவு அகலம், ஐந்து கிலோ அளவு எடை! கடினமான மரத்தை வட்டமாகக் கடைந்து, விளிம்பைச் சுற்றிப் பள்ளம் எடுத்து, அதில் ஈயத்தை உருக்கி ஊற்றுவார்கள். எடை ஓரத்தில் இருந்தால் சுழற்சி நீடிக்கும் என்பது பள்ளிக்கூடத்துப் பௌதிகம். பள்ளிக்கூடம் பார்க்காத தச்சர்கள் அதைக் கையாலேயே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இதைச் சுற்றுவதற்கு ஒருவர் போதாது. ஒருவர் பத்துப் பதினைந்து அடிக் கயிற்றை இறுகச் சுற்றி, உடம்பையே வில்லாக வளைத்து வீசுவார். பம்பரம் பதப்படுத்திய களிமண் தரையில் விழுந்து சுழலத் தொடங்கியதும், இன்னொருவர் மெல்லிய மரத் துடுப்பு ஒன்றால் அதைச் சுழற்சி குலையாமல் வாரி எடுப்பார். எடுத்துக்கொண்டுபோய், உச்சியில் உலோகக் குழி வைத்த ஒரு சிறு கம்பத்தின்மேல் இறக்கி நிறுத்துவார். கொதிக்கும் குழம்புச் சட்டியைத் துளி சிந்தாமல் மாற்றி வைப்பது போன்ற வேலை. என்னைக் கேட்டால் வீசுகிறவரைவிட வாருகிறவரைத்தான் பார்க்க வேண்டும். போட்டி பெரும்பாலும் அவர் கையில்தான் கெடுகிறது.

பிறகு என்ன? ஒன்றுமில்லை! பம்பரங்கள் காற்றுப் படாத நிழலில் வரிசையாகச் சுழன்றுகொண்டிருக்கும். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். நல்ல பம்பரமானால் இரண்டு மணி நேரத்தைக்கூடத் தொடும். முதல் அரைமணியில் விருந்தாளிகள் பாதிப் பேர் குளிர்பானக் கடைக்குப் போய்விடுவார்கள். அது பெருந்தவறு. கடைசிக் கால் மணி நேரத்தில்தான் ஆட்டமே இருக்கிறது. அசையாமல் உறைந்தது போலிருந்த வட்டில் மெல்லத் தலையாட்டத் தொடங்கும். அதுவரை அரட்டை அடித்தவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். கடைசி வரை நிற்பது எதுவோ அது வெற்றி. இதல்லாமல், சுழலும் பம்பரத்தை இன்னொரு பம்பரத்தால் அடித்து வீழ்த்தும் காசிங் பங்காவும் உண்டு. வட்டத்துக்குள் பம்பரத்தை வைத்துக் குத்தி விளையாடிய நம் பிள்ளைகளுக்கு அதைப் பார்த்தவுடனே புரிந்துவிடும்.

ஒரு காசில் இருக்கும் முரசின் பெயர் ரெபானா உபி. பெருமரத்தைக் குடைந்து, எருமைத் தோலைப் பிரம்பால் இழுத்துக் கட்டி, அடியில் ஆப்புகள் அடித்து இறுக்கியது. நூறு கிலோ வரை எடையுள்ளவை உண்டு. முன்பு ஊருக்கு ஊர் சேதி சொல்லவும் இதை முழக்கியிருக்கிறார்கள். அறுவடைக்குப் பின் ஒரு கம்பமும் மறு கம்பமும் வரிசையாக முரசுகளை நிறுத்திப் போட்டியிடும். யார் சத்தம் பெரிது என்று பார்த்தால் ஏமாந்து போவோம். பல முரசும் ஒரே முரசாக ஒலிக்கிறதா என்பதே கணக்கு.

இன்னொரு போட்டியில் மனிதருக்கு வேலையே கிடையாது. மெர்போக் என்னும் சிறு புறாவைக் கூண்டில் வைத்து, இருபத்தைந்தடிக் கம்பங்களில் ஏற்றிவிட்டு, அது கூவுவதற்காகக் காத்திருப்பார்கள். நடுவர்கள் கம்பங்களின் அடியில் நடந்து, குரலின் இனிமையும் கனமும் நீளமும் கேட்டு மதிப்பெண் போடுவார்கள். கோத்தா பாருவில் வெள்ளிக்கிழமைக் காலைகளில் இதற்கென்றே ஆட்கள் கூடுவது வழக்கம். தென் தாய்லாந்திலும் இந்தப் பித்து உண்டு. பரிசு பெற்ற புறாவின் விலையைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றும். எருது மோதலும் சேவல் சண்டையும்கூட ஒரு காலத்தில் கிளந்தானில் நடந்தன. சூதும் அடிதடியும் கூடவே வந்த அவை போனதற்காக வருந்த வேண்டியதில்லை.

இனி இந்த வரலாற்றின் மறுபக்கம். 1970களின் தொடக்கத்தில் கெமுபு நீர்ப்பாசனத் திட்டம் நிறைவேறியது. ஆற்று நீரை இயந்திரம் வைத்து இறைத்து வாய்க்காலில் விட்டார்கள். வானத்தை நம்பிய வயலில் ஆண்டுக்கு இரண்டு போகம் விளையத் தொடங்கியது. இதனால் நன்மையா என்று கேட்டால், சந்தேகமில்லாமல் நன்மைதான். ஒரு போகத்தை வைத்துக்கொண்டு அரைவயிற்றோடு கிடந்த குடியானவன், தன் பிள்ளை பட்டம் விட வயலைத் தரிசாகப் போடுவானா? ஆனால் ஆட்டத்துக்கென்று இருந்த அந்த மாதங்கள் சுருங்கிப்போயின. நாற்று நிற்கும் வயலில் கயிற்றை இழுத்துக்கொண்டு ஓட முடியாது. இளைஞர்கள் வேலை தேடிக் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் புறப்பட்டார்கள். வாவ் காசில் ஏறிய 1989இல், அது பிறந்த வயலில் அதற்கு இடம் குறைந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஆனாலும் அது அழிந்துவிடவில்லை, இடம் மாறியது. வயலிலிருந்து கடற்கரைக்குப் போனது. தும்பாட்டுக்கு அருகே கெத்திங் கடற்கரையில் நடந்த அனைத்துலகப் பட்டத் திருவிழாவுக்கு வெளிநாட்டார்கூட வந்தார்கள். கோத்தா பாருவின் கலைத்திடலில் வாவ், காசிங், ரெபானா எல்லாவற்றையும் வருகையாளர் பார்க்கக் காட்சிகள் நடத்தப்பட்டு வந்தன. ஜொகூரில் பாசிர் கூடாங் நகரம் 1995 முதல் உலகப் பட்டத் திருவிழாவை நடத்தத் தொடங்கி, பட்டங்களுக்கென ஓர் அருங்காட்சியகமும் வைத்தது. தென்பகுதித் தோட்டத்துக் குடும்பங்களுக்கு அது கிளந்தானைவிடப் பக்கம். இவை இல்லாவிட்டால் இந்நேரம் வாவைக் காசில் மட்டுமே பார்த்திருப்போம்.

குறை ஒன்று உண்டு. இப்போது செய்யப்படும் வாவுகளில் பல, சுவரில் மாட்டுவதற்காக விற்கப்படுபவை. சுவருக்கு என்று செய்கிற வாவில் இரு பக்கத்து எடையைச் சரிபார்க்க வேண்டியதில்லை. வில் பாட வேண்டியதில்லை. காகிதப் பூ மட்டும் அழகாக இருந்தால் போதும். சிம்பு சீவுகிற கை பழகாமல் போனால், பறக்கிற வாவை மறுபடியும் கற்றுக்கொடுக்க ஆள் கிடைக்காது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும், நம் சனங்கள் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்தபோதும், லயத்துக்கு முன்னிருந்த சடுகுடுத் திடல்கள் என்ன ஆயின என்று நமக்குத் தெரியும். நமக்கு அதைக் காசில் பொறித்து வைக்கவும் யாரும் இல்லை.

போக நினைக்கிறவர்களுக்குச் சில வார்த்தை. நவம்பரிலிருந்து ஜனவரி வரை வேண்டாம். மழையும் வெள்ளமும் மிகுந்த காலம். நோன்பு மாதத்தையும் தவிர்த்துக்கொள்ளுங்கள். போட்டி நாள்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். சுற்றுலாத் துறையில் கேட்டுக்கொண்டு புறப்படுவது நல்லது. மேற்குக் கரையிலிருந்து காரில் போகிறவர்களுக்கு 1982இல் திறந்த கிரிக்–ஜெலி நெடுஞ்சாலை இருக்கிறது. முன்பெல்லாம் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. இரயிலில் போனால், கோத்தா பாருவுக்கு வாகாப் பாருவில் இறங்க வேண்டும், கடற்கரைக்குத் தும்பாட் வரை போகலாம். கிளந்தானில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதை மறக்க வேண்டாம். தொழுகைக்கு அழைப்பு வந்தால் ஆட்டம் நிற்கும். பொறுத்திருந்தால் மறுபடி தொடங்கும்.

திடலில் வாவின் அழகைப் புகழ்ந்தால் சிரித்துக்கொண்டு தலையாட்டுவார்கள். யார் சீவிய மூங்கில் என்று கேட்டுப் பாருங்கள்; உங்களை உட்காரவைத்துப் பேசுவார்கள். வாவை இரவில் இறக்காமல் விட்டிருக்கும் ஊரில் தங்க நேர்ந்தால், படுக்கப் போகுமுன் சன்னலைச் சாத்த வேண்டாம்.